வார்டில் நீரிழிவு வழிகாட்டிச் செவிலியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையில் படுத்திருப்பவர்களில் நீரிழிவுக்காகவே சேர்ந்தவர்கள் சிலர்தான். எலும்பு முறிவுக்கும் நிமோனியாவுக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் பிரசவத்துக்கும் வந்தவர்கள் தங்களோடு சர்க்கரையையும் அழைத்து வருகிறார்கள். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு, நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் இது 14.4 சதவீதம். எனவே எலும்பு முறிவு வார்டோ கண் வார்டோ, எந்த வார்டில் பணிபுரியும் செவிலியரும் நாள்தோறும் இன்சுலினைக் கையாள்கிறார். வார்டுச் செவிலியர் ஒருவருக்குப் பயிற்சி தந்து, அவர் வழியாக உடன் பணிபுரிவோரின் கைத்திறனை வளர்க்கும் முறையைப் பற்றி மருத்துவமனை நிர்வாகத்தினரும் செவிலியர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

சக வழிகாட்டிச் செவிலியர் என்பவர் யார்?

வார்டில் மற்றவர்களைப் போலவே ஷிஃப்டு பார்க்கும், நோயாளிகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், நீரிழிவுப் பராமரிப்பில் கூடுதல் பயிற்சி பெற்று, உடன் பணிபுரிவோருக்குத் துணையாக நிற்பதே இந்தப் பொறுப்பு. அவர் மேலதிகாரியோ வெளியிலிருந்து வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போகும் ஆசிரியரோ அல்லர். பக்கத்துப் படுக்கையருகே நின்றுகொண்டு, "அக்கா, இந்த சிரிஞ்சு சரிதானா, ஒரு தடவை பாருங்களேன்" என்று கூச்சமில்லாமல் கேட்கத்தக்கவர். நோயாளிக்கு நோயாளி துணை நிற்கும் திட்டங்களும் உலகில் உண்டு, அவை வேறு. இங்கே பேசப்படுவது செவிலியருக்குச் செவிலியர் துணை நிற்பது பற்றி மட்டுமே.

நீரிழிவு நிபுணர் இருக்கும் மருத்துவமனையில் இப்படி ஒருவர் தேவையா?

நிபுணர் பகலில் வருகிறார், பார்க்கிறார், கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போகிறார். அந்த எழுத்து நோயாளியின் உடலுக்குள் போய்ச் சேர்வதற்கு இடையில் பல கைகள் இருக்கின்றன. தவறுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நேர்கின்றன.

எல்லா வார்டுகளிலும் காணக்கூடிய ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு சாதாரண இன்சுலின் போட வேண்டும் என்பது உத்தரவு. இரவுப் பணிச் செவிலியர் தம் வேலையை முடிக்காமல் ஹேண்ட் ஓவர் கொடுக்க மாட்டார். மிச்சம் வைத்துவிட்டுப் போனால் காலைப் பணிக்கு வருபவர் முகம் சுளிப்பார் என்பது வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். எனவே ஆறரை மணிக்கே எல்லோருக்கும் ஊசி போடப்பட்டுவிடுகிறது. உணவு வண்டியோ எட்டு மணிக்கு வருகிறது. சில நாள்களில் எட்டரை. அந்த நேரத்தில் நோயாளியை ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றுவிட்டால், அவர் தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கும்போது அவருடைய இரத்தச் சர்க்கரை ஆபத்தான 50க்கு இறங்கிக்கொண்டிருக்கும். இதில் யாருக்கும் அறிவுக் குறைவு இல்லை. இன்சுலின் எப்போது போட வேண்டும் என்று தேர்வு வைத்தால் அத்தனை பேரும் சரியாக எழுதுவார்கள். ஷிஃப்டு மாறும் நேரமும் சமையலறையின் நேரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதே சிக்கல். அதைக் கண்டுபிடிக்கவும், "காலை இன்சுலின் இனிக் காலைப் பணியாளரின் பொறுப்பு, உணவு வண்டி வார்டுக்குள் வருவது உறுதியான பிறகே ஊசி எடுக்க வேண்டும்" என்று எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைக்கவும் அந்த வார்டில் இரவுப் பணி பார்த்த ஒருவரால்தான் முடியும். நிபுணரின் பார்வைக்கு இது எட்டுவதே இல்லை.

இது புதிய யோசனையா?

இல்லை. இன்சுலின் வந்த 1920களிலேயே பாஸ்டன் நகரின் எலியட் ஜாஸ்லின், செவிலியர்களை நீரிழிவுக் கல்வியாளர்களாகப் பயிற்றுவித்து நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். பிரிட்டனின் மருத்துவமனைகளில் 'லிங்க் நர்ஸ்' என்ற பெயரில் வார்டுக்கொரு தொடர்புச் செவிலியரை வைக்கும் பழக்கம் பல துறைகளில் நெடுங்காலமாக உண்டு. சென்னையில் 1948இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மருத்துவர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்றே தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். புறநோயாளர் பக்கம் அன்றிலிருந்து நன்கு வளர்ந்திருக்கிறது. உள்நோயாளர் வார்டு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை என்பது எங்கள் கருத்து.

யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பணி மூப்புப் பட்டியலை எடுத்து முதல் பெயரைக் குறிப்பது எளிது. பெரும்பாலும் அதுவே தவறான தேர்வாகவும் முடிகிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் இந்த வார்டில் யாரிடம் போய்க் கேட்பீர்கள் என்று இளம் செவிலியர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று நான்கு பேர் ஒரே பெயரைச் சொல்வார்கள். அவர் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். நீங்கள் பயிற்சியும் நேரமும் தந்தால் போதும். விருப்பமில்லாதவரை ஆணை போட்டு அமர்த்த வேண்டாம். ஓராண்டுக்குள் இடமாறுதலில் போகக்கூடியவரைத் தேர்ந்தெடுப்பதும் வீண். ஒப்பந்த முறையில் பணிபுரிவோரைத் தவிர்க்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பல வார்டுகளில் இரவுப் பணியைத் தாங்குபவர்களே அவர்கள் என்பதால் அந்த வழக்கத்தைக் கைவிடுவது நல்லது.

ஒரு வார்டுக்கு எத்தனை பேர் வேண்டும்?

ஒருவர் போதாது. மூன்று ஷிஃப்டு, வார விடுப்பு, மகப்பேறு விடுப்பு எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒருவர் வார்டில் இருக்கும் நேரம் வாரத்தின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவுதான். மூன்று பேர் இருந்தால் நலம். அவர்களில் ஒருவராவது எப்போதும் இரவுச் சுழற்சியில் இருக்குமாறு டூட்டிப் பட்டியலை அமைக்க வேண்டும்.

பயிற்சி எவ்வளவு காலம் நடக்க வேண்டும்?

தொடக்கத்தில் மூன்று நாள் வகுப்பும் செய்முறையும், அதன் பிறகு அவரவர் வார்டிலேயே நான்கு முதல் ஆறு வாரம் மேற்பார்வையுடன் பழகுதல், பின்னர் மாதம் ஒரு முறை எல்லா வழிகாட்டிகளும் ஒரு மணி நேரம் கூடிப் பேசுதல் என்ற அமைப்பை நாங்கள் பரிந்துரைக்கிறோம். மூன்று நாளில் ஒரு முழு நாளை 'கற்பிப்பது எப்படி' என்பதற்கே ஒதுக்க வேண்டும். நீரிழிவு தெரிந்தவர் எல்லோருக்கும் அதைச் சொல்லித்தரத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. தவறைப் பார்த்தவுடன் கையிலிருந்து சிரிஞ்சைப் பிடுங்கித் தானே போட்டுவிடுவது நம் வார்டுகளில் நெடுநாள் பழக்கம். அந்த நேரத்துக்கு வேலை முடிந்துவிடும், ஆனால் அடுத்தவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவரே திருத்திக்கொள்ளும்படி ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பொறுத்திருக்கும் பழக்கம் எளிதில் வருவதில்லை. அதை நடித்துப் பார்த்துத்தான் பழக முடியும்.

பாடத்திட்டத்தில் எதற்கு முதலிடம்?

சிரிஞ்சுக்கு. இதைச் சொன்னால் மருத்துவர்கள் சிலர் சிரிக்கிறார்கள், ஆனால் நாங்கள் விடாமல் இதிலிருந்தே தொடங்குகிறோம். இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவில் கிடைக்கின்றன. பேனா வடிவ ஊசிக் கருவிக்குள் பொருத்தும் கார்ட்ரிட்ஜ்களில் (சிறு மருந்துக் குழல்களில்) இருப்பது 100 யூனிட் செறிவு. 100 செறிவிலும் சில குப்பிகள் வருகின்றன. சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடியுள்ளது 100க்கு. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுவைத்திருக்கும் வார்டுகள் உண்டு. 20 யூனிட் போட வேண்டிய நோயாளிக்கு 40 செறிவுக் குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 8 யூனிட் மட்டுமே. மாறாக 100 செறிவு இன்சுலினை 40 சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும். முதல் தவறில் சர்க்கரை குறையவில்லை என்று மறுநாள் மருத்துவர் அளவைக் கூட்டுவார், மூன்றாம் நாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும்போது அந்தக் கூட்டப்பட்ட அளவு ஆபத்தாகும். இரண்டாவது தவறோ அன்றைக்கே உயிருக்கு உலை வைத்துவிடும். வழிகாட்டி பயிற்சியிலிருந்து வார்டுக்குத் திரும்பியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, மருந்து வண்டியைத் திறந்து இரண்டு வகைச் சிரிஞ்சுகளையும் தனித்தனிப் பெட்டியில் வைப்பது. கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் இன்சுலின் உறிஞ்சும் வழக்கம் இருந்தால் அதையும் அன்றே நிறுத்த வேண்டும்.

அடுத்து எழுத்து. யூனிட் என்பதற்குப் பதிலாக அதன் ஆங்கில முதலெழுத்தை மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் கிறுக்கினால் அது சுழியமாகத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடக்கூடும். உலகெங்கும் பதிவான பிழை இது. சொல்லை முழுமையாக எழுத வேண்டும். எழுதாத மருத்துவரிடம் பணிவாகக் கேட்டுத் திருத்தி வாங்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலக்க வேண்டும். பேனாவில் ஒவ்வொரு முறையும் இரண்டு யூனிட்டை வெளியே தள்ளிப் பார்த்த பிறகே அளவைத் திருக வேண்டும். அழுத்திய பிறகு பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுக்க வேண்டும். ஊசியை மாற்றினாலும் ஒருவருடைய பேனாவை இன்னொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது, ஏனென்றால் கார்ட்ரிட்ஜுக்குள் இரத்தம் பின்னேறியிருக்கலாம். போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டால் கொழுப்பு தடித்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாமல் வெள்ளைக் கொள்கலனில் இட வேண்டும். குளுக்கோமீட்டருக்கு இரத்தம் எடுக்குமுன் நோயாளி கை கழுவ வேண்டும். ஆரஞ்சுப் பழம் உரித்த விரலில் குத்தி 300 என்று படித்து, அதற்கு இன்சுலின் போடப்பட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

தாழ் சர்க்கரையைப் பற்றி வழிகாட்டி எதைக் கற்றுத்தர வேண்டும்?

இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு (லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு) 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ் சர்க்கரை, 54க்குக் கீழே போனால் அது தீவிரமானது என்பதும், விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. வார்டில் விட்டுப்போவது அந்த இரண்டாவது பரிசோதனைதான். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாயிற்று, நோயாளி கண் திறந்து பேசிவிட்டார், அதற்குள் அடுத்த படுக்கையில் டிரிப் நின்றுவிட்டது என்று செவிலியர் நகர்ந்துவிடுகிறார். மறுபரிசோதனை நேரத்தைத் தொலைபேசியில் அலாரமாக வைத்துக்கொள்வது போன்ற சின்னப் பழக்கங்களை ஒரு வழிகாட்டி வார்டில் வேரூன்றச் செய்ய முடியும்.

பாடநூலில் ஓரமாக இருந்து, நம் ஊரில் நடுவுக்கு வரும் சில செய்திகள் உண்டு. வோக்லிபோஸ், அகார்போஸ் ஆகிய மாத்திரைகள் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கினால் வீட்டுச் சர்க்கரை கலந்த தண்ணீர் உடனே உதவாது, ஏனென்றால் அந்தச் சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியையே மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ் பொடியே வேண்டும். நம் நாட்டில் வோக்லிபோஸ் பிற மருந்துகளோடு சேர்த்து ஒரே மாத்திரையாகப் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. கலவை மாத்திரையின் பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் பயிற்சி அதனாலேயே தேவைப்படுகிறது. கிளைபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரைகளால், குறிப்பாகச் சிறுநீரகம் பழுதான முதியவருக்கு, சர்க்கரை இறங்கினால் ஒரு முறை ஏற்றியதோடு முடிவதில்லை. அது சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கும். எனவே ஒரு நாளேனும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், ஆனால் வியர்வை தெரியும். மின்விசிறிக்குக் கீழே படுத்திருப்பவரின் நெற்றி நனைந்திருந்தால் நின்று பார்க்க வேண்டும். உணர்விழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நரம்பு வழியாக 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) கொடுக்கப்பட வேண்டும். நோயாளியுடன் தங்கியிருக்கும் உறவினருக்கும் இந்த ஒரு செய்தியைத் தவறாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதற்றத்தில் முதலில் டம்ளரை எடுப்பவர் அவர்தான்.

உள்நோயாளிக்குச் சர்க்கரை எவ்வளவுக்கெவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது அல்லவா?

அப்படி ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நினைத்தது. 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 6,104 நோயாளிகள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். சர்க்கரையை 81 முதல் 108க்குள் இறுக்கிப் பிடித்த குழுவில் 90 நாளுக்குள் இறந்தோர் 27.5 சதவீதம், 180 வரை விட்டுப்பிடித்த குழுவில் 24.9 சதவீதம். இன்று உள்நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 140 முதல் 180 வரை என்ற இலக்கு ஏற்கப்பட்டிருக்கிறது. 160 என்று காட்டும் மீட்டரைப் பார்த்துக் கலங்கி இரவு பதினொரு மணிக்கு பணி மருத்துவரை அழைத்துக் கூடுதல் ஊசிக்கு உத்தரவு வாங்கும் இளம் செவிலியருக்கு, "விட்டுவிடு, இது நல்ல எண்" என்று சொல்ல ஒருவர் இருப்பதும் வழிகாட்டலில் சேரும்.

வழிகாட்டி மருந்தின் அளவை மாற்றலாமா?

கூடாது. உத்தரவு மருத்துவருடையது. ஆனால் தாழ் சர்க்கரைக்கு உடனடிச் சிகிச்சை தருவதற்கு ஒவ்வொரு முறையும் மருத்துவரைத் தேடி ஓட வேண்டியிருந்தால் அது மருத்துவமனையின் குறை. கண்காணிப்பாளரும் மருத்துவத் துறைத் தலைவரும் கையொப்பமிட்ட நிலையான வழிமுறை ஒன்று ஒவ்வொரு வார்டுச் சுவரிலும் இருக்க வேண்டும். அதன்படி எந்தச் செவிலியரும் முதலில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பின் தகவல் சொல்லலாம். அந்தத் தாள் இல்லாத மருத்துவமனையில் வழிகாட்டிப் பயிற்சியைத் தொடங்குவதில் அதிகப் பயனில்லை.

உத்தரவைக் கேள்வி கேட்கும் உரிமை வழிகாட்டிக்கு மட்டுமல்லாமல் எல்லாச் செவிலியருக்கும் உண்டு. அறுவைக்காக உணவு நிறுத்தப்பட்ட நோயாளிக்கு வகை 1 நீரிழிவு (உடலே இன்சுலின் சுரக்காத வகை) இருந்தால், நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் அடித்தள இன்சுலினை முழுவதும் நிறுத்தக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய நீரிழிவு மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோஅமிலத் தேக்கம், அதாவது இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை, வரக்கூடும். இப்படிப்பட்ட இடங்களில் செவிலியர் கேட்கும் ஒரு கேள்வி அறுவையையே ஒரு நாள் தள்ளிவைக்க நேரலாம். அதற்காக யாரும் அவரிடம் சினந்துகொள்ளக் கூடாது.

தன்னைவிட மூத்தவர் தவறு செய்யும்போது வழிகாட்டி எப்படிச் சொல்வது?

பயிற்சியில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. முப்பது ஆண்டு பணிபுரிந்த ஒருவரிடம் ஏழு ஆண்டு பணிபுரிந்தவர், அதுவும் நோயாளியின் உறவினர் பார்த்துக்கொண்டிருக்க, "சிஸ்டர், நீங்கள் போடுவது தவறு" என்று சொன்னால் அன்றோடு திட்டம் முடிந்தது. ஆபத்தான தவறு என்றால் உடனே தடுத்தாக வேண்டும். அப்போதும் "சிஸ்டர், ஒரு நிமிடம் இங்கே வாருங்கள்" என்று வேறு காரணம் சொல்லி அழைத்துப் படுக்கையிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பேசலாம். ஆபத்தில்லாத பழைய பழக்கம் என்றால், அன்று மதியம் ஓய்வறையில் தேநீர் குடிக்கும்போது, பயிற்சியில் தனக்கே புதிதாகத் தெரிந்த செய்தியாகச் சொல்லலாம். "எனக்கும் இது தெரியாதிருந்தது, அம்மா" என்ற ஒரு வரி பல கதவுகளைத் திறந்திருக்கிறது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

மூத்தவர்களின் அனுபவத்தைப் பயிற்சிக்குள்ளேயே இழுப்பது இதைவிடவும் நல்ல வழி. கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்திய காலத்தை அறிந்த செவிலியர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது, எந்தக் குடும்பத்தில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்பவற்றை அவர்கள் சொல்லக் கேட்டு இளையவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

வழிகாட்டி பார்த்த தவறுகளை நிர்வாகத்துக்கு அறிவிப்பாரா?

நோயாளிக்குத் தீங்கு நேர்ந்த நிகழ்வுகளுக்கு மருத்துவமனையின் வழக்கமான அறிக்கை முறை இருக்கிறது. அதை எல்லோரும் பின்பற்ற வேண்டும். அது தவிர வழிகாட்டியிடம் ஒருவர் கேட்ட சந்தேகமோ ஒப்புக்கொண்ட தடுமாற்றமோ அவரோடு நின்றுவிட வேண்டும். முதல் மாதத்திலேயே கண்காணிப்பாளர் வழிகாட்டியை அழைத்து "யார் யார் சரியாகச் செய்வதில்லை" என்று பட்டியல் கேட்ட ஒரு மருத்துவமனையை நாங்கள் அறிவோம். பட்டியல் கொடுக்கப்படவில்லை, ஆனாலும் கேட்கப்பட்ட செய்தி மாலைக்குள் பரவிவிட்டது. அதன்பின் அந்த வழிகாட்டியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

நோயாளிகளுக்குக் கற்பிப்பதும் வழிகாட்டியின் வேலையா?

எல்லாச் செவிலியரின் வேலையும்தான். அதைச் செய்யும் முறையை வழிகாட்டி மெருகேற்றுகிறார். வீட்டுக்குப் போகும் நாளில், வாகனம் வாசலில் நிற்கும்போது, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி "புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் "புரிந்தது" என்றே சொல்வார்கள். சேர்ந்த இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு ஊசியின்போதும் ஒன்றொன்றாகச் சொல்லி, கடைசி இரண்டு நாளும் நோயாளியோ வீட்டில் ஊசி போடப்போகும் மகளோ தம் கையாலேயே போட்டுக்காட்டச் செய்ய வேண்டும். "வீட்டில் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், என்னிடம் சொல்லுங்கள்" என்று கேட்டால் எது புரியவில்லை என்பது தானாக வெளிவரும்.

பேச்சு நோயாளியின் வாழ்க்கையைத் தொட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் குப்பியைப் பாதுகாக்கலாம். பாதத்தில் உணர்வு குறைந்தவர் நடுப்பகலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றினால் கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியாது. அவரிடம் கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்வதைவிட, காலையில் வெயில் ஏறுமுன் போய்விட்டு வந்து பாதத்தைப் பாருங்கள் என்பது எடுபடும். வெந்நீரில் பாதத்தை ஊறவைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. இன்சுலின் தொடங்கியதால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போயிற்று என்று நம்புபவரிடம் வாதாட வேண்டாம். சிறுநீரகம் பழுதான பின் சில மாத்திரைகளைக் கொடுக்க முடியாமல் போவதால் இன்சுலின் தரப்படுகிறது, முன்பின் மாறிவிட்டது என்று படிப்படியாக விளக்கினால் பலர் ஏற்கிறார்கள்.

வீட்டுக்குப் போன பிறகான தொடர்ச்சிக்குத் தமிழ்நாட்டில் ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மருத்துவமனையில் மாத்திரை மாற்றப்பட்டிருந்தால் அந்த மாற்றம் களப்பணியாளருக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் பழைய மாத்திரையும் புதியதும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். 'நிறுத்தப்பட்டவை' என்று தனித் தலைப்பிட்டுத் தமிழில் எழுதிய ஒரு சீட்டை விடுவிப்புச் சுருக்கத்தோடு பின் குத்திக் கொடுப்பது இதற்குப் போதும்.

ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. இதற்கு நேரம் எங்கே?

நியாயமான கேள்வி. நாற்பது நோயாளிகளை ஒருவரே பார்க்கும் இரவில் வழிகாட்டல் நடக்காது. நடப்பதாகப் பதிவேட்டில் வேண்டுமானால் எழுதலாம். வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் வாரம் குறைந்தது இரண்டு மணி நேரத்தை டூட்டி நேரத்துக்குள்ளேயே, நோயாளிப் பொறுப்பு இல்லாமல் ஒதுக்க வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. "டூட்டி முடிந்து ஒரு மணி நேரம் இருந்து செய்யுங்கள்" என்று சொல்லும் நிர்வாகம், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய செவிலியரைத் திட்டத்திலிருந்து விலக்குகிறது. சிறு அளவில் தொடங்க நினைப்பவர்கள் ஒரே ஒரு வார்டை எடுத்துக்கொள்ளலாம்.

பயன் தருகிறதா என்று எப்படி அறிவது?

வார்டின் சராசரிச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டாம். அது நோயாளிகளைப் பொறுத்து மாறும். அதைக் குறைக்க முற்பட்டால் தாழ் சர்க்கரை கூடும். மாதம் இருபது கேஸ் ஷீட்டுகளை எடுத்து, தாழ் சர்க்கரைக்குப் பின் 15 நிமிடத்தில் மறுபரிசோதனை பதிவாகியிருக்கிறதா, ஊசி போட்ட நேரத்துக்கும் உணவு வந்த நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு, அளவு முழுச் சொல்லோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று மூன்றை மட்டும் எண்ணுங்கள். தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் தவறு பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் கூடும். மறைக்கப்பட்டவை வெளியே வருவதால் கூடுகிறது என்பதை நிர்வாகக் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

வழிகாட்டிக்கே நீரிழிவு இருந்தால்?

பெரும் பலம், அவர் அதை வெளியே சொல்ல விரும்பினால். கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் நீரிழிவுள்ள செவிலியர் பலர் இரவுப் பணியில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுத் தம் சர்க்கரையைத் தாமே இறக்கிக்கொள்கிறார்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கும் கை நடுங்கினால் அவரும் அந்தக் கணத்தில் நோயாளியே. இரவில் இருபது நிமிட உணவு இடைவேளையை அவருக்கு உறுதிசெய்வதில் வழிகாட்டிகள் குரல் கொடுக்க வேண்டும்.

பணமே இல்லை, நாளைக்கே ஏதாவது தொடங்க முடியுமா?

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்குங்கள். குளுக்கோஸ் பொடி ஒரு பொட்டலம், தேக்கரண்டி, தம்ளர், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், 20 மி.லி. சிரிஞ்சு, ஐ.வி. கேனுலா, குளுக்கோமீட்டரும் காலாவதியாகாத பட்டைகளும், கையொப்பமிட்ட வழிமுறைத் தாள் ஆகியவற்றை அதற்குள் வைத்து, செவிலியர் மேசைக்குப் பக்கத்தில் பூட்டில்லாத இடத்தில் வையுங்கள். மேலே 'லோ சுகர் பெட்டி' என்று பெரிதாக எழுதுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டு மாற்றத்திலும் ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்ப்பது போல அதையும் திறந்து பார்த்துக் கையொப்பமிடும் வழக்கத்தை, முதல் வாரம் முழுவதும் வழிகாட்டி உடன் நின்று நடத்தட்டும். குளுக்கோஸ் பொட்டலம் அடிக்கடி காணாமல் போகும். கோடைக்காலத்தில் யார் கரைத்துக் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பொட்டலமாக வாங்கி வையுங்கள்.